மூன்றை இரண்டாக்கலாமா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, நமது பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"ஓய்! நான் முன்னமே ஏமாந்து போனேனா, அல்லது இனிமேல்தான் ஏமாறப் போகிறேனா? அதை மட்டும் சொல்லும்" என்றார்.

நேயர்களுக்கு இவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன்பு, சீட்டு எடுத்த பணத்தில் இவர் ஒரு புரொஜெக்டர் வாங்கினார். கூடத்துச் சுவரில் ஆறடி அகலத்துக்கு வெள்ளை பூசி, ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, நல்ல படங்களாகத் தேர்ந்தெடுத்துக் காட்டி வருகிறார். டிக்கெட் கிடையாது, சுண்டல் உண்டு. அந்த யந்திரம் குறுக்கே 1280 புள்ளிகளும், மேலிருந்து கீழாக 720 வரிகளும் கொண்டது. வாங்கிய காலத்தில் அது தெருவுக்கே பெருமையாக இருந்தது. இப்போது கடைக்காரர்கள் அதன் பெயரைக் கேட்டாலே அனுதாபத்துடன் சிரிக்கிறார்கள்.

வாத்தியாரின் டிவிடி கருவி உயிரை விட்டுவிட்டது. அதன் இடத்தில் பிளூ-ரே கருவி ஒன்று வாங்கலாமென்று கடைக்குப் போயிருக்கிறார். "சார், பிளூ-ரே தட்டில் 1080 வரி. உங்கள் யந்திரத்தில் 720தான். ஆழாக்குப் பாத்திரத்தில் ஒரு படிப் பாலை ஊற்றுவது போலத்தான். புது புரொஜெக்டரும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், மாதத் தவணை போட்டுத் தருகிறோம்" என்றாராம் கடைக்காரர். தவணை என்றதும் வாத்தியாருக்கு மகளின் காலேஜ் சம்பளம் ஞாபகம் வந்துவிட்டது. பேசாமல் ஞாயிற்றுக்கிழமைக் காட்சியையே நிறுத்திவிடலாமா என்ற யோசனையுடன் நம்மிடம் வந்திருந்தார்.

கடைக்காரர் சொன்ன கணக்கு பொய்யன்று. பிளூ-ரே தட்டின் படம் 1920-க்கு 1080; அதாவது 20,73,600 புள்ளிகள். வாத்தியாரின் யந்திரம் காட்ட வல்லது 9,21,600. பாதிக்கு மேல் போய்விடுகிறது என்பது உண்மையே. ஆனால் அவர் ஒரு பாதிக் கணக்கைச் சொல்லி, மறு பாதியை விழுங்கிவிட்டார். இத்தனை வருஷங்களாக அந்த யந்திரம் எதைத் தின்று வந்தது? டிவிடியை. அமெரிக்க முறை டிவிடியில் உள்ளவை 480 வரிகளே. நம் தேசத்துத் தொலைக்காட்சி முறையை அனுசரித்தவற்றில் 576. ஆகவே பாத்திரம் வழிந்ததே கிடையாது. அரைகுறையாகவே இருந்து வந்திருக்கிறது.

480 வரிகளை 720 ஆக்குவதென்றால், இரண்டு வரிகளை மூன்றாக்க வேண்டும். அந்த மூன்றாவது வரிக்கான சமாசாரம் தட்டில் இல்லை. கருவி அக்கம் பக்கத்து வரிகளைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறது. 1080-ஐ 720 ஆக்குவதோ மூன்றை இரண்டாக்குவது. நம் தொழிலில் இவ்விரண்டையும் தினந்தோறும் பார்க்கிறோம். விஷயம் தெரிந்த பையன் மூன்று பக்கத்தை இரண்டு பக்கமாகச் சுருக்கி எழுதினால், ஒவ்வொரு வாக்கியத்திலும் சாரம் இருக்கும். ஒன்றும் தெரியாத பையன் இரண்டு பக்கக் குறிப்பை மூன்று பக்கமாக நீட்டினால், எங்கே தண்ணீர் கலந்தான் என்பது மூக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும். காகிதத்தின் அளவு இருவருக்கும் ஒன்றுதான்.

வாத்தியார் இதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர, நம்பினதாகத் தெரியவில்லை. சித்திரக்காரர், கண்ணால் கண்டாலன்றி ஒப்ப மாட்டார்.

நல்ல வேளையாக, அமெரிக்காவில் வேலை பார்க்கும் நமது பழைய மாணாக்கன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் பெட்டியில் ஒரு பிளூ-ரே கருவியும், சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யும் இருந்தன. 1955-ல் வெளிவந்த அந்தப் படத்தின் மூல நெகடிவ் 1993-ல் லண்டனில் நேர்ந்த ஒரு தீ விபத்தில் சிக்கிச் சேதமுற்றது. மிஞ்சியதைக் கொண்டு, இத்தாலியில் பொலோனியா நகரத்துக் கூடம் ஒன்றில் மிகப் பொறுமையாகச் சீர்ப்படுத்தி, 2015-ல் மறுபடி உலகுக்குக் கொடுத்தார்கள். அந்தப் புதுப் பிரதி பிளூ-ரேயாகவும் வந்தது, டிவிடியாகவும் வந்தது. மாணாக்கன் இரண்டையும் வைத்திருந்தான். மூலம் ஒன்று, கருவி ஒன்று, புரொஜெக்டர் ஒன்று, சுவர் ஒன்று. தட்டு மாத்திரம் வேறு. பரீட்சைக்கு இதைக் காட்டிலும் நேர்மையான ஏற்பாடு வேறில்லை.

முதலில் டிவிடியைப் போட்டோம். துர்க்கையும் அப்புவும் நாணற்பூக் காட்டினூடே ஓடி ரயிலைக் காணும் கட்டம். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், நாமும் அப்படியே. கதை சிறிதும் குறைபடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பிறகு அதே கட்டத்தைப் பிளூ-ரேயில் போட்டான். வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து, சுவருக்கு அருகில் போய், திரும்பிப் பத்தடி தள்ளி வந்து நின்றார். டிவிடியில் காற்றில் அசையும் வெண்மையான ஒரு கம்பளம் போலத் தோன்றிய நாணற்காடு, இப்போது தனித் தனித் தாள்களாகப் பிரிந்து நின்றது. தூரத்து ரயிலின் கரும்புகை வானத்தில் கரையும் இடத்தில், முன்பு படிப்படியாகத் தெரிந்த கட்டங்கள் மறைந்து, புகை புகையாகவே இருந்தது. "இது கரிக்கோல் வேலை ஐயா! முன்னே பார்த்தது அதன் அச்சுப் பிரதி" என்றார்.

இதில் வரிக் கணக்குக்கு மட்டும் பெருமை சேராது. டிவிடியின் படத்துக்கு ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் சமாசாரமே இடம். பிளூ-ரேக்கு 40 வரை உண்டு. காடு முழுவதும் காற்றில் ஆடும்போது ஒவ்வொரு தாளும் மாறிக்கொண்டேயிருக்கிறது. அந்த நெரிசலில் டிவிடி மூச்சுத் திணறிப் பூசி மெழுகிவிடுகிறது. புரொஜெக்டர் எவ்வளவு சாமானியமானதாக இருந்தாலும், பூசி மெழுகினது பூசி மெழுகினதாகத்தான் சுவரில் விழும்.

வர்ணப் படமாயின் லாபம் இன்னும் ஒரு படி அதிகம். இரு வகைத் தட்டிலுமே, வர்ணத்தை வெளிச்சத்தைப் போல அத்தனை நுட்பமாகப் பதிவதில்லை. இரு பக்கமும் பாதியாக்கிவிடுவார்கள். ஆகவே 720-க்கு 480 டிவிடியில் வர்ணத்துக்குக் கிடைப்பது 360-க்கு 240 மட்டுமே. பிளூ-ரேயில் 960-க்கு 540. நம் சித்திர வாத்தியாரின் யந்திரத்தைக் காட்டிலும் ஏழையான, 854-க்கு 480 புள்ளி கொண்ட பழைய புரொஜெக்டர்கள் இன்னும் சில வீடுகளில் உண்டல்லவா? அவற்றின் ஒவ்வொரு புள்ளிக்கும் கூடச் சொந்த வர்ணம் கொடுக்கப் பிளூ-ரேயிடம் சரக்கு இருக்கிறது, டிவிடியிடம் இல்லை.

இதைக் கேட்டு, எல்லா நேயர்களும் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். நம் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். நம் வீட்டில் இருப்பது 32 அங்குலத் தொலைக்காட்சி. அது 1366-க்கு 768. நாம் உட்காருமிடம் அதிலிருந்து பன்னிரண்டு அடி. சாதாரணக் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுட்பத்தைத்தான் பிரித்தறியும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி, 32 அங்குலத் திரையில் 480 வரிகளையே ஒன்பதே கால் அடிக்குள் இருந்தால்தான் பிரித்துக் காண முடியும். மாணாக்கனின் கருவியை அங்கேயும் கொண்டுவந்து சோதித்தோம். நம் வீட்டு அம்மாள் இரண்டையும் பார்த்துவிட்டு, "எது எது என்று நீங்களே சொல்லுங்கள், பார்க்கலாம்" என்றாள். நாம் சொன்னது தப்பாகப் போயிற்று. வாத்தியாரின் ஆறடிச் சுவரிலோ, பத்தடியில் உட்கார்ந்தவனுக்கு 720 வரிகளும் தாராளமாகத் தெரியும்.

வேறு சில கண்ணிகளும் உண்டு. திரையில் ஹெச்.டி.எம்.ஐ. துளையும், பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டுக்குப் பொருந்தும் வசதியும் வேண்டும். 2011 முதல் செய்யப்பட்ட கருவிகள், பூட்டுள்ள பிளூ-ரேக்களைப் பழைய மூவர்ணக் கம்பி வழியே சாதாரண நுட்பத்துக்கு மேல் அனுப்புவதில்லை. 2013-க்குப் பின் செய்யப்பட்டவை அதுவும் அனுப்பா. துளை இல்லாத திரைக்குப் பிளூ-ரே வாங்குவது வீண் செலவே. அடுத்தது மண்டலம்: அமெரிக்கத் தட்டுக்கள் பல ஏ மண்டலத்துக்கு உரியவை, நம் தேசம் சி. இங்கு விற்கும் கருவி அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். 2016-ல் வந்த 4-கே தட்டைச் சாதாரணப் பிளூ-ரே கருவி படிக்கவே படிக்காது. ஒலியைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. வாத்தியார் வீட்டில் இருப்பவை இரண்டு மரப் பெட்டி ஒலிபெருக்கிகள். சுண்டல் மெல்லும் சப்தத்துக்கு மேல் அவை கேட்டால் போதும்.

வாத்தியார் மறு வாரம் கருவியை மட்டும் வாங்கி வந்தார், ரொக்கம் கொடுத்தார். புரொஜெக்டருக்கு விளக்கு ஒன்று மாற்ற வேண்டியிருந்தது, அதையும் மாற்றினார். கருவி பழைய டிவிடிகளையும் படிக்குமாதலால், அலமாரியிலுள்ள எண்பது தட்டுக்களில் ஒன்றையும் எறியவில்லை. மாணாக்கன் அமெரிக்காவுக்குத் திரும்பும்போது தன் தட்டையும் கொண்டு போய்விட்டான். சி மண்டலத்தில் படிக்கக் கூடிய 'பதேர் பாஞ்சாலி' எங்கே அகப்படும் என்று வாத்தியார் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.