பெயர் பாடாது, பெட்டிதான் பாடும்!



"பிரிட்டன் ஒலிபெருக்கிக்கு ஈடு இணை கிடையாது" என்னும் பேச்சு இசையார்வலரிடையே வேதவாக்காகிவிட்டது. அதிலும் பிபிசியின் எல்எஸ்3/5ஏ என்றால் கேட்கவே வேண்டா. பழைய சோடி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டிக் கொடுக்க அணியமாக இருப்போர் பலர். இப்புகழ் முழுதும் மெய்தானா?

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1970களில் பிபிசியின் ஆய்வுப் பிரிவு இதனை வடிவமைத்தது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளில் இடம் குறைவு. அங்கே பெரிய பெட்டியை வைக்க இயலாது. பேச்சுக்குரல் இயல்பாக வருகிறதா என்று பொறியாளர் சரிபார்க்கவே 30 செண்டிமீட்டர் உயரமுள்ள இச்சிறு பெட்டி பிறந்தது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் முதலிய நிறுவனங்கள் உரிமம் பெற்று இதனைச் செய்தன. பெரிய கட்டுப்பாட்டு அறைகளுக்கோ பிபிசி பெரிய ஒலிபெருக்கிகளையே வைத்திருந்தது. இதை ஏன் நம்மவர் மறந்துவிடுகின்றனர்?

மனிதக் குரலைத் தருவதில் இப்பெட்டி தன் புகழுக்குத் தக்கதே. அதை மறுப்பவன் அல்லன் நான். ஆனால், எல்லாவற்றுக்கும் இதுவே சிறந்தது என்பதைத்தான் மறுக்கிறேன். காரணங்கள் மூன்று.

1. ஏறத்தாழ 80 ஹெர்ட்சுக்குக் கீழே இதன் ஒலி விரைந்து தேய்கிறது. டபுள் பேஸ் கருவியின் அடித்தந்தி 41 ஹெர்ட்சில் ஒலிப்பது. அந்த ஆழத்தை இச்சிறு பெட்டியிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

2. இதன் உணர்திறன் 82, 83 டெசிபல் அளவினது. 88 டெசிபல் பெட்டி தரும் அதே உரப்பைப் பெற இதற்கு மூன்று, நான்கு மடங்கு மின்னாற்றல் வேண்டும். பெரிய கூடத்தில் இது திணறும்.

3. மூலப்பெட்டியின் ஒலியுறுப்புகளைச் செய்தது கேஇஎப் நிறுவனம். அவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது. இன்று அதே பெயரில் வரும் பெட்டிகளுக்குள் இருப்பவை வேறு உறுப்புகள். பெயர் ஒன்று, பொருள் வேறு!

1957இல் வெளிவந்த குவாட் மின்னிலை ஒலிபெருக்கியின் கதையும் இத்தகையதே. குரலில் தெளிவோ தெளிவு. உரப்பிலும் ஆழத்திலும் எல்லை உண்டு.

"என் செவிக்கு இனிக்கிறதே, போதாதா?" என்று சிலர் கேட்கலாம். இனிப்பது செவிக்கா, பெயருக்கா? பிளாய்டு டூல், ஷான் ஆலிவ் ஆகிய ஆய்வாளர் இருவர் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒலிபெருக்கிகளை மறைத்து வைத்துக் கேட்டபோது மக்கள் வழங்கிய மதிப்பெண், அவற்றைக் கண்ணால் கண்டு கேட்டபோது மாறிப்போனது. ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. அரசுத் தேர்வுத்தாளில் மாணவர் பெயருக்குப் பதிலாக எண்ணை எழுதச் சொல்வது எதற்காக? திருத்துபவர் பெயருக்கு மயங்காமல் விடைக்கு மதிப்பெண் இடவேண்டும் என்பதற்காகத்தானே! அந்த நேர்மை ஒலிபெருக்கி வாங்கும்போது மட்டும் எங்கே போயிற்று?

ஆகவே, பணப்பையைத் திறக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் அறை எவ்வளவு பெரியது? நான் கேட்பது எவ்வகை இசை? பெயரை மறைத்து, வேறொரு பெட்டியோடு ஒப்பிட்டுக் கேட்டேனா?

சிறிய அறையில் வாய்ப்பாட்டு கேட்பவர் இப்பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். மற்றவர் வாங்குவது இசையை அன்று, வெறும் பெயர்ப்பலகையை!

சிந்திப்போம்.