முதற் கவளம் யார் கையில்?

தமிழிலே குழந்தையைப் பாடிய புலவர்களுக்குக் குறைவில்லை. பிள்ளைத்தமிழ் என்றொரு பிரபந்த வகையையே வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. குழந்தையைச் செங்கீரை ஆடச் சொன்னார்கள், தாலாட்டினார்கள், சப்பாணி கொட்டச் சொன்னார்கள், முத்தம் கேட்டார்கள், அம்புலியை விளையாட வருமாறு அழைத்தார்கள். ஆனால் அந்தப் பத்துப் பருவங்களுள் குழந்தைக்குச் சோறூட்டுவதற்கென ஒரு பருவம் இல்லை. காரணம் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பாட்டுடைத் தலைவர்கள் தெய்வங்களும் அரசர்களும் குருமாரும் ஆவர். பசி அவர்களுக்கு ஒரு பிரச்சினையாய் இருந்ததில்லை. சோறு குழைத்து ஊட்டும் வேலையோ அடுப்படியில் நிகழ்வது, பெண்கள் செய்வது, கூலி இல்லாதது. புலவர் கண்ணில் அது பட்டிருக்க நியாயமில்லை.

அடுப்படியில் நிகழ்வதெல்லாம் சில்லறை விஷயம் என்னும் அந்தப் பழைய நோக்கு இன்றும் அழியவில்லை. முற்போக்காளர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோரிடையேயும் அது குடிகொண்டிருக்கிறது. நிலமும் கூலியும் அரசியல், குழந்தைக்குச் சோறு தீத்துவது வீட்டுக் கருமம் என்று பிரித்துவிட்டு அமைதி காண்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு குழந்தையின் வாய்க்குள் செல்லும் முதற் கவளத்தை நிர்ணயிப்பது எது? தாயின் விருப்பமா, சாத்திரமா, சந்தையா, சம்பளமா? இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே அது வீட்டுக் கருமமன்று என்பது தெளிவாகும்.

முதலில் உண்மைகளைப் பார்ப்போம். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என 2001 ஆம் ஆண்டில் உலக சுகாதார மன்றம் நாடுகளுக்கு எடுத்துரைத்தது. ஆறு மாதமளவில், குழந்தை பிறக்கும்போதே உடலிற் சேமித்துக் கொண்டுவந்த இரும்புச்சத்து தீரத் தொடங்குகிறது. தாய்ப்பால் மட்டும் அக்குறையை நிரப்பாது. குழந்தையின் வயிறோ மிகச் சிறியது. ஆகவே நீராய் ஓடும் கஞ்சி அதற்கு உதவாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத அளவுக்குக் குழைந்த சோறும் பருப்பும், அடுத்து வரும் வாரங்களிலே கீரையும் மீனும் முட்டையும் வேண்டும். அதுவும் நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை, வளர வளர இன்னும் கூடுதலான தடவை வேண்டும்.

இலங்கையில் 2016 ஆம் ஆண்டு நடத்தப்பட்ட குடித்தொகை சுகாதார அளவீடு இரண்டு செய்திகளை நமக்குச் சொல்லியது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் ஒன்றையே பெற்றனர். இஃது உலகம் வியந்து நோக்கும் சாதனை. அதே அளவீட்டின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்டோருள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியிருந்தனர். 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்திருந்தனர். பால் கொடுப்பதில் இலங்கைத் தாய் எவருக்கும் பின்னிற்கவில்லை. பின் ஏன் இந்த மெலிவு? காரணங்கள் பல உள. அவற்றுள் முதன்மையான ஒன்று, பாலோடு சோறும் சேரவேண்டிய அந்தப் பருவத்திலே கிடக்கிறது.

இதற்கு நம்மிடையே இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. 'தாய்மாருக்கு அறிவு போதாது' என்பர் ஒரு சாரார். 'பழைய முறையைக் கைவிட்டதால் வந்த வினை' என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கிளினிக்கிலே பிரசங்கம் செய்வர். பின்னவர் கோயில் மண்டபத்திலே செய்வர். இருவர் கூற்றிலும் சிறிதளவு உண்மை உண்டு. அந்தச் சிறிதளவு உண்மையைக் கொண்டே பெரியதோர் உண்மையை இருவரும் மூடிவைக்கின்றனர்.

பழைய முறையைப் போற்றுவோரிடம் முதலிற் பேசுவோம். நமது மண்ணின் உணவறிவு அற்பமானதன்று. மொட்டைக்கறுப்பன் அரிசியும் வறுத்த பயறும் சேர்த்த கஞ்சி, குரக்கன் கூழ், மசித்த முருங்கையிலை, முள் நீக்கிய விளைமீன், இதரை வாழைப்பழம், சோற்றிற் கலந்த தேங்காய்ப்பால் என இவற்றை ஒரு தட்டிலே வைத்தால், எந்த ஊட்டச்சத்து நிபுணரும் குறை சொல்லமாட்டார். ஆயின் அத்தட்டு எல்லா வீட்டிலும் இருந்ததா? நிலமுடையவன் வீட்டுக் குழந்தைக்குப் பயற்றங்கஞ்சி. அவன் நிலத்தில் உழைத்தவளின் குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர். கோயிலிலே சோறூட்டும் மங்கல விழாவைப் பெருமையாகப் பேசுகிறோம். ஒடுக்கப்பட்ட சாதியார் தம் பிள்ளைகளோடு ஆலயத்துள் நுழையும் உரிமைக்காக 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே போராட வேண்டியிருந்தது என்பதையும் அதே மூச்சிற் பேசவேண்டாமா?

பல்லு முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை சொரிகிறோம். வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையை இருத்தி, தலைமேற் கொழுக்கட்டை கொட்டி, முன்னே புத்தகமும் பேனையும் பணமும் நகையும் பரப்பி, எதை எடுக்கிறது என்று ஆவலோடு பார்க்கிறோம். பேனையை எடுத்தால் டொக்டர், புத்தகத்தை எடுத்தால் எஞ்சினியர். இனிமையான வழக்கந்தான். ஆனால் அந்த வரிசையிலே ஒரு மண்வெட்டியையோ மீன்வலைத் துண்டையோ வைப்பார் எவரையும் காணோம். உணவை விளைவிப்பவனும் பிடிப்பவனும் அக்குழந்தையின் எதிர்காலத்தில் இடம்பெறக்கூடாது என்பதே அவ்விழாவின் சொல்லாத மந்திரம்!

இன்னொன்றும் உண்டு. 'முட்டை கிரந்தி, மீன் மாந்தம்' என்று கூறி, இரும்பும் புரதமும் மிகத் தேவையான மாதங்களிலே அவற்றை விலக்கிவைத்ததும் அதே பழைய முறைதான். இந்நாட்டிலே 1946 ஆம் ஆண்டில், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 140 குழந்தைகள் முதலாம் ஆண்டு நிறையுமுன்னே மாண்டன. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே இறங்கியுள்ளது. அதனைச் சாதித்தவை இலவச வைத்தியசாலைகள், மலேரியா ஒழிப்பு, பெண் கல்வி, வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதரின் உழைப்பு ஆகியவை. பாட்டியின் கைமணத்தைப் போற்றுவோம். பாட்டி புதைத்த குழந்தைகளையும் மறவாதிருப்போம்.

இனிப் பேணியைப் பார்ப்போம். பால்மாவும் மாக்கலவையும் அடைத்த அந்தத் தகரப் பேணி, அறிவின் பெயரால் நம் அடுப்படிக்குள் வந்தது. நம்மவர் பலர் எழுதுவினைஞராய் உத்தியோகம் பார்த்த மலாயாவை அடுத்த சிங்கப்பூரிலே, 1939 ஆம் ஆண்டில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு. தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தகரப் பாலைப் புகுத்தும் பொய்ப் பிரசாரத்தைக் கொலைக்குற்றமாகவே கருதவேண்டும் என்று அவர் துணிந்து கூறினார். முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 1974 இல், பிரித்தானியாவிலே வெளிவந்த ஒரு சிறு பிரசுரம் அதே குற்றச்சாட்டை உலகறியச் செய்தது. 1977 இல் அமெரிக்காவிலே நெஸ்லே நிறுவனத்தின் பண்டங்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1981 இல் உலக சுகாதார மன்றம் இத்தகைய விற்பனைக்கு ஒழுக்கவிதிகளை இயற்றியது. இலங்கை 1983 இலேயே தன் விதிகளை ஆக்கி, 2004 இல் அவற்றைத் திருத்தியது. இந்த ஒழுங்கு எதுவும் கம்பெனிகளின் கருணையால் வந்ததன்று; மக்கள் போராடிப் பெற்றது.

ஆயினும் பேணியின் ஒழுக்கம் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. 2024 ஏப்ரலில் சுவிற்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் சர்க்கரை சேர்க்காது விற்கப்பட்ட குழந்தையுணவு, ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் சர்க்கரை சேர்த்து விற்கப்பட்டது என்றது அவ்வாய்வு. இந்தியாவில் விற்கப்பட்ட செரலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரி ஏறத்தாழ 3 கிராம். பிலிப்பைன்சின் ஒரு வகையில் 7 கிராமுக்கும் மேல். அந்தந்த நாட்டுச் சட்டத்தைத் தான் மீறவில்லை என்று நிறுவனம் விடையிறுத்தது. நமது வழக்கும் அதுவே! வெள்ளைக் குழந்தையின் நாவுக்கு ஒரு சட்டம், கறுத்தக் குழந்தையின் நாவுக்கு ஒரு சட்டம் என்பதை வாணிபம் தனக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டது.

இதில் நமது மத்தியதர வர்க்கத்தின் பங்கையும் சொல்லாது விடலாகாது. இலண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் பார்சலிலே குழந்தையுணவுப் பேணி வந்தால் அது விறாந்தை அலுமாரியில் ஏறுகிறது. வெறுமையான பின்னும் இறங்குவதில்லை. அடுத்த வீட்டுக் கூலிக்காரி அதைப் பார்க்கிறாள். தன் பிள்ளைக்கும் அதுவே நல்லது என்று எண்ணி, அரைக்கிழமைக் கூலியைக் கடையிற் கொடுத்து ஒரு பெட்டி வாங்குகிறாள். அதை நான்கு நாளில் முடிக்க அவளால் இயலாது. நான்கு கிழமைக்கு நீட்டுகிறாள். மா குறைகிறது, தண்ணீர் கூடுகிறது, குழந்தை மெலிகிறது. பின்பு நாமே அவளை அறிவில்லாதவள் என்கிறோம். அவளுக்கு அந்த மதிப்பீட்டைக் கற்பித்தவர்கள் யார்?

பேணியை முற்றாகச் சபிப்பது நம் நோக்கமன்று. 2009 ஏப்ரல் 8 ஆந் திகதி, வன்னியில் அம்பலவன்பொக்கணையிலே, பால்மா பெறுவதற்காக வரிசையில் நின்ற பெண்கள்மீதும் குழந்தைகள்மீதும் எறிகணைகள் விழுந்தன. மாண்ட தாய்மார் சிலரின் கைகளில் பால்மா அட்டை அப்போதும் இருந்தது என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதிற்று. பட்டினியிலே தாயின் முலை வற்றும்போது அந்த மா உயிர். அதற்காக உயிரையே கொடுத்தனர் நம் பெண்கள். ஆகவே பேணி பொல்லாதது என்று பொதுப்படக் கூறும் உரிமை எவருக்கும் இல்லை. உயிர்காக்கும் பொருளை விற்பனையாளன் ஆசைப்பொருளாக்கியதையே எதிர்க்கிறோம்.

சரி, அரசாங்கம் யாது செய்தது? 1973 முதல் கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வரும் திரிபோஷ மா நல்லதொரு திட்டம். ஆனால் 2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்த ஆட்சி, சோளச் செய்கையைச் சீர்குலைத்தது. 2022 இல் திரிபோஷ உற்பத்தியே தடைப்பட்டது. கொழும்பிலே எடுத்த ஒரு முடிவு, எங்கோ ஒரு குடிசையில் ஒரு குழந்தையின் கிண்ணத்தை வெறுமையாக்கியது. இதற்குப் பின்னும் முதற் கவளம் வீட்டுக் கருமம் என்பாருளரோ?

இனி, எல்லாவற்றினும் பெரிய உண்மைக்கு வருவோம். குழைந்த சோற்றுக்கு வேண்டியது அரிசி மட்டுமன்று, நேரம். ஆறு மாதம் பாலூட்டு என்று கட்டளையிடும் அதே அரசு, தன் ஊழியைக்கு முழுச் சம்பளத்தோடு கொடுக்கும் பிரசவ விடுமுறை 84 வேலைநாட்கள். ஏறத்தாழ நான்கு மாதம். மேலும் 84 நாள் வேண்டுமானால் பாதிச் சம்பளம். அதற்கு மேலும் வேண்டுமானால் சம்பளமே இல்லை. தனியார் துறையிலே அந்தப் பாதிச் சம்பள நீடிப்பும் சட்டத்தில் இல்லை. தந்தைக்கோ, அரச ஊழியனாயின் மூன்று நாள்! 1939 ஆம் ஆண்டின் பிரசவ நலச் சட்டம் வேலைத்தலத்திலே பாலூட்ட இடைவேளை கொடுக்கவேண்டும் என்கிறது. வலிகாமத்து வெங்காயத் தோட்டத்திலே நாட்கூலிக்குக் களை பிடுங்குபவளுக்கு அச்சட்டத்தை யார் வாசித்துக் காட்டினார்? அவள் பிள்ளையை வளவு மூலையில் மூத்த மகளிடம் விட்டுச் செல்கிறாள். அந்த மூத்த மகள் அன்று வகுப்புக்கு வருவதில்லை. இடாப்பில் நாம் ஒரு சுழியம் இடுகிறோம். தங்கையின் சோற்றுக்காகத் தமக்கையின் படிப்பு செலவாகிறது என்பதை அந்தச் சுழியம் சொல்வதில்லை. ஆசிரியராகிய நாமும் கேட்பதில்லை.

நாளுக்கு மூன்று தடவை புதிதாய்ச் சமைத்து, மசித்து, பொறுமையாய்த் தீத்த வேண்டும் என்று அறிவுரை கூறுவோர், அத்தாயின் ஒரு நாளை மணித்தியாலங்களாகப் பிரித்து எழுதிப் பார்க்கட்டும். அவள் பிஸ்கட்டைத் தேநீரிலே தோய்த்துக் கொடுக்கிறாள் என்றால், தேநீர் இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாது என்பதை அறியாமல் மட்டும் அவள் அப்படிச் செய்யவில்லை. அறிந்தவளும் அவ்வாறே செய்வாள். ஏனெனில் அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

எனவே நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை, எத்துறைத் தாய்க்கும் முழுச் சம்பள விடுமுறை. நாட்கூலிப் பெண்ணுக்கு அரசே கொடுக்கும் பிரசவக் கொடுப்பனவு. கிராமந்தோறும் பிள்ளை பராமரிப்பு நிலையம். தந்தைக்கும் பொருள்பொதிந்த விடுமுறை. உணவுப் பேணியின் விளம்பரத்துக்கு இடப்பட்ட விதிகளை ஏட்டில் வைத்திராது நடைமுறைப்படுத்தல். ஆசிரியர் சங்கங்கள் சம்பள உயர்வுக்காக வீதியில் இறங்குகின்றன, நியாயமே. இக்கோரிக்கைகளும் அதே பதாகையில் எழுதப்படவேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயும் நமக்கு வேலை உண்டு. மனைப்பொருளியல் பெண்பிள்ளைகளின் பாடமாகவே கொள்ளப்படுகிறது. ஆண்பிள்ளை சோறு குழைக்க அறியாமலே தந்தையாகிறான். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே தொண்டாற்றிய வைத்தியர் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார், தமிழிலே நூல்களாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உடற்கூற்றியலைத் தமிழிற் சொல்ல முடிந்ததெனில், ஓர் ஆறுமாதக் குழந்தையின் உணவை இன்று ஒன்பதாம் வகுப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் நல்ல தமிழிலே சொல்லிக்கொடுப்பது நமக்கு இயலாத காரியமா?

பிள்ளைத்தமிழ்ப் புலவர் பாடாது விட்ட பருவம் அது. அதற்குப் பாட்டு வேண்டியதில்லை. தாய்க்கு நேரமும், கிண்ணத்தில் மீனும் பருப்பும், தந்தையின் கையில் ஒரு கரண்டியும் வேண்டும். அவற்றைப் பெற்றுக்கொடுக்கும் போராட்டத்தில் இறங்காதவரை, குழந்தைகளைப் பற்றி நாம் எழுதும் கவிதைகள் வெறும் அலங்காரமே.