வாசித்தவருக்குப் பங்கு உண்டா?

புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ‘ராஜி’ என்ற புராணக் கணினி விளையாட்டுக்கு இசை அமைத்தவர் கிரேக்கக் கலைஞர் லினோஸ் ட்ஸெலோஸ். இன்று அப்படிக் கலைஞரைத் தேட வேண்டியதில்லை. சுனோ, உடியோ போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பாட்டு வந்துவிடுகிறது. கைமுதல் இல்லாத இளைஞர்கள் அதை நாடுவதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அந்தக் கருவிக்குப் பாடம் சொன்னது யார்? தங்கள் பதிவுகளை அனுமதியின்றி எடுத்தாண்டதாக அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் 2024 ஜூனில் இவ்விரண்டின் மீதும் வழக்குத் தொடுத்தன. பிறகு சில கம்பெனிகள் சமரசமும் செய்துகொண்டன. அவர்களுக்கு வக்கீல் உண்டு. கல்யாணத்தில் வாசித்துப் பிழைக்கும் நாதசுரக்காரருக்கு யார் இருக்கிறார்?

வழி இல்லாமலில்லை. ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை இவ்வாறு உருவாக்கிய ஏ.ஆர். ரகுமான், அவர்கள் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்தார். இத்தகைய கருவிகளை நடத்துவோர் படைப்பாளிகளுக்குப் பங்கு தர வேண்டுமென்று மத்திய அரசுக் குழுவும் 2025 டிசம்பரில் யோசனை கூறியுள்ளது. நல்ல யோசனைதான். எந்தச் சங்கத்திலும் பெயர் பதியாத வாத்தியக்காரருக்கும் அந்தப் பணம் போய்ச் சேர அதில் இடம் செய்ய வேண்டும்.