கீரை மேல் என்ன கோபம்?

குட்டீஸ்... சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள கீரை என்றதும் முகம் சுளிக்கிறீர்களா? குற்றம் கீரை மேல் இல்லை, சமைக்கும் விதத்தில்தான்! மூடி போட்டு நெடுநேரம் வேக வைத்தால் பச்சை நிறமும் போகும், ருசியும் போகும்.

அரைக்கீரையை மண் போக அலசிய பிறகே நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால், வைட்டமின் 'சி' தண்ணீரோடு போய்விடும். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பூண்டு தாளித்து, கீரையைப் போட்டு, மூடாமல் வதக்குங்கள். வதங்கினால் கீரை பாதியாகிவிடும். அதனால் உப்பைக் கடைசியில் போடுங்கள். மேலே தேங்காய்த் துருவல்... பொரியல் ரெடி!

அடுப்பு வேலையை அம்மாவோ, அப்பாவோ பார்க்கட்டும். கீரை ஆய்வது உங்கள் பொறுப்பு. தினமும் அம்மா ஒருவரே ஏன் ஆய வேண்டும்? உங்கள் கையால் ஆய்ந்த கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்க மனசு வருமா, என்ன?