கன்றுக் கொட்டிலிற் காற்று

பதுளைப் பகுதியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும், கமக்காரரும் தோட்ட லயங்களிற் பசு வளர்ப்போரும் கன்றுக் கொட்டிலின் இடைவெளிகளையெல்லாம் சாக்கினால் அடைத்துவிடுகின்றனர். குளிருக்கஞ்சிச் செய்யும் இக்காரியம் கன்றுக்குத் தீங்காகவே முடிகின்றதென்பது எமது கருத்து. உலர்ந்த கன்று குளிரை ஓரளவு தாங்கும். ஈரத்திற் கிடப்பது தாங்காது. அடைத்த கொட்டிலில் மூச்சின் ஈரம் கூரைத் தகரத்தில் நீராய்ப் படிந்து கன்றின் முதுகிற் சொட்டும். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயு மூச்சுக்குழாயைப் புண்படுத்திச் சுவாசப்பை அழற்சிக்கு வழிவிடும். கன்று போனால் பசு பாலை அடக்கிக்கொள்வதும் உண்டு.

நின்றபடி முகர்ந்தால் வாயு தெரியாது. கன்று படுக்குமிடத்தில் முழந்தாளிட்டு முகர்ந்து பாருங்கள். கண் கரிக்குமாயின் படுக்கையை அன்றே மாற்றுக. காற்றடிக்கும் பக்கத்தைக் கன்றின் உயரத்திற்கு மட்டும் அடைத்து, கூரையின் கீழ் ஒரு சாண் திறந்துவிடுதல் நன்று. வைக்கோலை வயலில் எரிப்போர் சில கட்டுகளையேனும் நனையாது சேமிப்பாராக. படுக்கையாய் ஊறிய வைக்கோல் எருக்குழியில் மக்கியபின் கோவா, லீக்ஸ் பாத்திகளுக்கு உதவும்.