146,679: ஆய்வுக் கட்டுரையில் ஓர் எண்ணை எப்படி எழுதுவது?

புலம்பெயர் நாடுகளில் பல்கலைக்கழகம் செல்லும் எமது பிள்ளைகள் ஈழப்போர் பற்றி எழுதும்போது, "முள்ளிவாய்க்காலில் 146,679 தமிழர்கள் கொல்லப்பட்டனர்" என்ற வரி அடிக்கடி வருகிறது. அடிக்குறிப்பில் ஏதோவோர் இணையத்தளத்தின் இணைப்பு இருக்கும். விரிவுரையாளர் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: இதை யார், எப்போது, எதை வைத்துக் கணக்கிட்டார்?

பதில் எம்மிடம் உண்டு. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் இந்த எண்ணை முன்வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர், கச்சேரிப் பதிவுகளின்படி 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர், ஐ.நா. கணக்கின்படி 282,380 பேர். மிகுதி 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்றே ஆயர் கேட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என்று அவர் சொல்லவில்லை; இவர்கள் கணக்கில் வராதோர் என்பதே அவரது நிலைப்பாடு.

வேறு எண்களும் உண்டு. பொதுமக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது, 2011இல் வெளியான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை. ஐ.நா.வின் செயற்பாட்டையே ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு உள்ளக அறிக்கை, 70,000இற்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைச் சுட்டியது. ஒன்று இறந்தோர் பற்றியது. மற்றவை காணாமற்போனோரையும் உள்ளடக்கியவை. இவற்றை ஒன்றாகக் கலந்து எழுதினால் புள்ளிகள் குறையும். அதைவிட முக்கியமாக, நடந்ததை மறுப்போருக்கு அதுவே வசதியாகிவிடும். பிழையான ஒரு வரியைக் காட்டி முழுக் கட்டுரையையும் தள்ளிவிடுவார்கள்.

மாறாக, மூலத்தைத் தேடிப் போகும் மாணவருக்கு இன்னும் வலுவான வாதம் கிடைக்கிறது. ஆயர் பயன்படுத்திய இரண்டு எண்களில் ஒன்றுகூடத் தமிழர் அமைப்புகளுடையது அல்ல. ஒன்று அரச நிர்வாகத்தின் பதிவு, மற்றையது ஐ.நா.வினது. "இது புலம்பெயர்ந்தோரின் பரப்புரை" என்று இலகுவில் ஒதுக்க முடியாது.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியவை சில. விக்கிப்பீடியாவை வழிகாட்டியாக வைத்திருங்கள். மேற்கோள் காட்டுவது அது சுட்டும் மூல ஆவணமாக இருக்கட்டும். அறிக்கையின் பந்தி எண்ணையும் குறியுங்கள். அரச ஊடகமாயினும் தமிழ் ஊடகமாயினும் அதன் சார்பை வெளிப்படையாக எழுதுங்கள். பழைய பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் நூற்பெயரை, அந்த நூலைக் கண்ணால் காணும்வரை நம்ப வேண்டாம். அது இல்லாத நூலுக்கும் பக்க எண் கொடுக்கும்.

வீட்டில் அம்மம்மா சொல்வதும் சான்றுதான். ஆனால் அவரது சம்மதத்துடன், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறை அனுமதி பெற்று, இடமும் திகதியும் குறித்துப் பதிவுசெய்ய வேண்டும். பெயர் வெளியானால் ஊரிலுள்ள உறவுகளுக்கு ஆபத்து வருமா என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கணக்கில் வராத அந்த மக்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை முழுமையான பதில் இல்லை. அதைக் கேட்கப்போகிறவர்கள் எமது பிள்ளைகள். தட்டிக்கழிக்க முடியாதபடி கேட்க அவர்களைப் பழக்குவது எமது பொறுப்பு.