புகை இல்லை, ஆனால் தீங்கு உண்டு



புகையிலையின் தீமைகள் பற்றிக் கட்டுரை எழுதுமாறு கேட்டால், உங்களுட் பெரும்பாலானோர் சிகரெட்டையும் பீடியையும் சுருட்டையும் பற்றியே எழுதுவீர்கள். புகை, இருமல், நுரையீரல் நோய் என்பவற்றோடு கட்டுரை முடிந்துவிடும். ஆனால் நமது வீடுகள் பலவற்றில் புகையிலை வேறொரு வழியாகவே உடலுக்குட் செல்கின்றது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்த்து வாயில் அடக்கப்படுகின்றது. இதிற் புகை இல்லை. பக்கத்தில் இருப்பவர் முகஞ்சுளிப்பதும் இல்லை. ஆதலால் இதனைத் தீய பழக்கம் என்று எவரும் பெரிதாகக் கண்டிப்பதில்லை. இப்பொறுமை தவறானது என்பதே எனது கருத்தாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் புகையிலைக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கு விளைந்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மெல்லுவதற்குரிய அப்புகையிலையை மலையாள நாட்டார் யாழ்ப்பாணத்தின் பெயராலேயே அழைத்தனர். வலிகாமத்தின் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து வளர்த்த அப்பயிர், பல குடும்பங்களுக்கு வீடும் கல்வியும் தந்தது. இதனை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

அதே வலிகாமத்திலேதான் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் அமைந்துள்ளது. வடபகுதி நோயாளர் பலர் சிகிச்சைக்காக மகரகமை வரை பயணஞ்செய்ய வேண்டியிருந்த நிலையை மாற்றுவதற்காக, நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகியோர் 2011 யூலையில் ஒரு நடைபயணத்தை முன்னெடுத்தனர். தெற்கே தெய்வேந்திரமுனையிற் தொடங்கி வடக்கே பருத்தித்துறை வரை, 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து நிதி திரட்டப்பட்டது. நாடெங்குமுள்ள மக்கள் சேர்ந்து கொடுத்த அப்பணத்தால் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறந்துவைக்கப்பட்டது. இது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் ஒன்றை எண்ணிப்பாருங்கள். இலங்கையில் ஆண்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. இது பெரும்பாலும் நாமே தவிர்த்துக்கொள்ளக்கூடிய நோயாகும். தவிர்க்கக்கூடிய நோயாளரால் கட்டில்கள் நிரம்புமாயின், அத்தனை பேர் நடந்த நடையின் பயனில் ஒரு பகுதியை நாமே வீணாக்குகின்றோம் அல்லவா?

இத்தீங்கு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விஞ்ஞான பாடத்தின் துணையோடு விளங்கிக்கொள்ளலாம். சுண்ணாம்பு என்பது கல்சியம் ஐதரொட்சைட்டு. அது ஒரு காரம். வாயில் கார ஊடகம் உண்டாகும்போது புகையிலையில் உள்ள நிக்கொட்டின் உட்கன்னத்தின் மென்சவ்வினூடாக விரைவாக இரத்தத்தில் கலக்கின்றது. பழக்கத்துக்கு அடிமையாக்குவது இந்த நிக்கொட்டினே ஆகும். அதனோடு புற்றுநோயை உண்டாக்கவல்ல நைத்திரசமைன் முதலிய பொருட்களும் புகையிலையில் உள்ளன. கன்னத்தில் மணிக்கணக்காக அடக்கி வைத்திருப்பதால் ஒரே இடத்திலுள்ள கலங்கள் மீண்டும் மீண்டும் தாக்கப்படுகின்றன.

பாக்கும் குற்றமற்றது அன்று. அதிலுள்ள அரெகோலின் முதலிய பொருட்களின் தாக்கத்தால் உட்கன்னத்தில் நாரிழையம் மிகையாகத் தோன்றிக் கன்னம் இறுகுகின்றது. நாளடைவில் வாயைத் திறந்து ஒரு பிடி சோறு உண்பதும் கடினமாகின்றது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985 இலேயே புற்றுநோய்க் காரணி என அறிவித்தது. 2004 இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையுங்கூட அவ்வாறே வகைப்படுத்தியது. எனவே "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மாத்திரந்தான்" என்பதும் தக்க சமாதானம் ஆகாது.

இக்கருத்துக்கு மறுப்புரைப்போர் முதலிற் கூறுவது மரபைப் பற்றியே. வெற்றிலை நமது பண்பாட்டின் அடையாளம் என்பது உண்மையே. ஆனால் புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிராகும். கொலம்பஸ் 1492 இல் அங்கு சென்ற பின்னரே ஐரோப்பியர் அதனை அறிந்தனர். அவர்கள் வழியாகவே அது நம்மிடம் வந்தது. ஆகவே தாம்பூலத்திற் புகையிலை சேர்ப்பது ஆதிமரபு அன்று. இடையில் வந்து ஒட்டிக்கொண்ட வழக்கமேயாகும். திருமணத்தில் தட்டத்தில் வெற்றிலை வைப்பது மரியாதை. அதனைத் தொட்டு ஏற்றுக்கொள்வதோடு அம்மரியாதை நிறைவடைகின்றது. வாயில் அடக்கினால்தான் மரபு நிலைக்கும் என்று எவரும் விதி செய்யவில்லை.

"எங்கள் அப்பப்பா தொண்ணூறு வயது வரை புகையிலை போட்டார்; அவருக்கு ஒன்றும் வரவில்லை" என்று கூறுவோரும் உளர். தெருவைப் பாராமற் கடந்த ஒருவர் விபத்தின்றித் தப்பினார் என்பதற்காக, எல்லோரும் அவ்வாறே கடக்கலாம் என்று கூறுவோமா? தப்பியவர் முதுமையில் இருந்து கதை சொல்கின்றார். தப்பாதவரின் கதையை அவர் குடும்பம் பேசத் தயங்குகின்றது. அதனாலேயே முதலாவது கதை நமது காதில் அதிகமாக விழுகின்றது.

மூன்றாவது மறுப்பு கமக்காரரின் வாழ்வாதாரம் பற்றியது. இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரு பயிரை நம்பிக் கடன்பட்ட குடும்பத்திடம் நாளையே அதனைக் கைவிடுமாறு கூறுவது நியாயமாகாது. மாற்றுப் பயிருக்கு நல்ல விலையும் நிலையான சந்தையும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். ஆயினும் ஒருவர் பிழைப்பதற்காக மற்றொருவர் நோயுற வேண்டும் என்பதை அறமென ஏற்க முடியாது.

மாணவர்களாகிய உங்களைக் குறிவைத்து வருவது பழைய வெற்றிலைத் தட்டம் அன்று. மாவா என்றும் பாபுல் என்றும் பெயரிட்டுச் சிறு பொதிகளில், வாசனையும் இனிப்பும் சேர்த்து வரும் கலவைகளே அவை. சட்டைப்பையில் மறைக்கலாம், வீட்டார் மணந்து பிடிக்கமாட்டார்கள் என்று நண்பர் ஒருவர் நீட்டும்போது அது விளையாட்டாகவே தோன்றும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது குற்றமாகும். புகையற்ற புகையிலைக் கலவைகளைத் தடைசெய்யும் ஒழுங்குவிதிகளும் 2016 இல் வெளியிடப்பட்டன. எனினும் சட்டம் கடைவாசல் வரையே வரும். நண்பன் கையை நீட்டும் இடத்தில் உங்கள் மனவுறுதியே சட்டமாகும்.

நீங்கள் செய்யக்கூடியவை மூன்று. நீட்டும் கையிடம் "எனக்கு வேண்டாம்" என்று ஒருமுறை தெளிவாகக் கூறுங்கள். இரண்டாம் முறை கூறுவது எளிதாகும். வீட்டில் புகையிலை போடும் மூத்தோர் இருப்பின் அவர்களை ஏளனஞ் செய்யாது, பணிவோடு எடுத்துக் கூறுங்கள். அவர்களது வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு காணப்பட்டாலோ, இரு வாரங்களுக்கு மேலாக ஆறாத புண் இருந்தாலோ, வாய் திறப்பது குறைந்தாலோ தாமதமின்றி அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். புண்ணில் நோவில்லை என்று காத்திருப்பதே பலரைக் காலந்தாழ்த்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவருகின்றது.

புகையிலைத் தோட்டங்களின் வருமானத்தாற் படித்த தலைமுறை ஒன்று இம்மண்ணில் இருந்தது. அவர்கள் வியர்வை சிந்தித் தேடித்தந்த கல்வியை நாம் அவர்களது நலத்துக்கே பயன்படுத்துவோம். புகையிலையின் உண்மையைக் கற்றறிந்து, அதனை வாயிலிருந்து விலக்கும் தலைமுறையாக நீங்கள் விளங்க வேண்டும்.